கடைசி வரிசைக்குப் போட்ட கையெழுத்து

அந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறவர்கள். ஆனால் லேபில் கம்பைலர், அதாவது எழுதிய புரோகிராமை ஓட வைக்கிற மென்பொருள், மக்கர் பண்ணினால் பதினோரு பேரும் கதவருகே வந்து நின்று கூப்பிடுவது ஒரே ஆளைத்தான். அந்த ஆளுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது.

"எனக்குச் சமைக்கத் தெரியாது சார், அடுப்பு மூட்டத்தான் தெரியும்" என்று லேப் அசிஸ்டென்ட் அக்கா சொல்லிக்கொள்வாள். வீட்டில் இரண்டு வேளையும் சமைப்பது அவள்தான் என்பதால் இதைக் கேட்டு அவள் கணவர் மட்டும் சிரிப்பதில்லை.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாத் அக்கா. கம்பைலரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மட்டும் போதாது, அது எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று மிஷினுக்கு ஒரு தடவை சொல்லி வைக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் பாத். அதைச் சொல்லாமல் விட்டால், எதிரிலேயே இருக்கும் கம்பைலரை மிஷின் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று சொல்லிவிடும். சொந்த லேப்டாப்பில் ஏற்றிவிட்டு ஓடவில்லை என்று அழாத குறையாக வருகிற பிள்ளைகளிடம் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "பாத் போட்டியா?" பத்தில் எட்டுப் பேர் போட்டிருக்க மாட்டார்கள். மீதி இரண்டு பேர் தப்பாகப் போட்டிருப்பார்கள்.

இருபத்து மூன்று வயதில் கல்லூரி அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட்டாக வந்தவள். லேபுக்கு ஆள் இல்லை, ஒரு மாதம் போய் மிஷின்களுக்குத் தூசி தட்டிப் போர்வை போடு என்று அனுப்பினார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை, பத்தொன்பது வருஷம் ஆகிறது. முதல் வருஷமே ஒரு சோதனை வந்தது. தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது மிஷின்களில் எல்லாம் வைரஸ். கம்பெனி ஆள் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, "கம்பைலர் நீங்க போட்டுக்குங்க, அது எங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அக்கா ஒரு சிடியைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் வந்த இடமெல்லாம் 'நெக்ஸ்ட்' அமுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் ஏறியது, எதுவும் ஓடவில்லை. இரண்டு நாள் முட்டி மோதிய பிறகுதான் தெரிந்தது, ஃபோல்டர் பெயரில் இரண்டு சொல்லுக்கு நடுவே இடம் விட்டிருந்தாள். அந்தப் பழைய கம்பைலருக்கு அது ஆகாது. பெயரைச் சேர்த்து எழுதியதும் ஓடியது. அன்றைக்குச் சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டைப் அடித்த எந்தக் கடிதத்துக்கும் அவளுக்கு அப்படி வந்ததில்லை.

அதற்குப் பிறகு யாரும் சொல்லித் தராமல் அவளே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டாள். பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரே ஒரு மிஷினை எடுத்துக்கொள்வாள். அதற்குத் தாய் மிஷின் என்று பெயர். அதில் கம்பைலரை ஏற்றி, பாத் போட்டு, எழுதுகிற எடிட்டரை அதோடு இணைத்து, ஆன்டி வைரஸிடம் இந்த ஃபோல்டர் பக்கம் வராதே என்று சொல்லி வைப்பாள். இந்தக் கடைசி வேலை முக்கியம். பிள்ளைகள் புதிதாகக் கம்பைல் பண்ணுகிற ஒவ்வொன்றையும் முன்பின் தெரியாதவன் என்று சந்தேகப்பட்டு ஆன்டி வைரஸ் விழுங்கிவிடும். எல்லாம் சரியான பிறகு தாய் மிஷினை அப்படியே நகல் எடுத்து மற்ற முப்பத்தொன்பதிலும் இறக்குவாள்.

கம்பைலர் செய்கிற வேலையை அவள் புரிந்துகொண்ட விதமும் அவளுடையதுதான். பிள்ளைகள் எழுதுவது ஒரு ஃபைல். கம்பைலர் அதைப் படித்து மிஷினுக்குப் புரிகிற மாதிரி வேறொரு ஃபைலாக ஆக்கித் தரும். ஓடுவது அந்த இரண்டாவது ஃபைல்தான். துணி வேறு, தைத்த சட்டை வேறு. துணியில் பூப்போட்டுவிட்டு, ஏற்கெனவே தைத்து மாட்டிய சட்டையில் பூ எங்கே என்று தேடக்கூடாது. மறுபடி தைக்க வேண்டும்.

இதனால்தான் தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு மிஷினையும் அவள் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பாள். முதலில் ஒரு சின்னப் புரோகிராமை அடித்து ஓட்டுவாள். 'வணக்கம்' என்று வரும். பிறகு அந்தச் சொல்லை 'போய் வா' என்று மாற்றி மறுபடி ஓட்டுவாள். மாறி வந்தால்தான் அந்த மிஷினுக்கு டிக். "முத தடவ ஓடுறது பெரிய விஷயமே இல்ல, ரெண்டாவது தடவ மாறி ஓடணும்" என்பாள். புதிதாக வந்த ஆசிரியர்கள் இதை அக்காவின் கிறுக்கு என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். டிக் போட்ட பிறகு தேர்வு ஃபோல்டரில் பழையது எதுவும் கிடந்தால் துடைப்பாள். நாற்பதுக்கும் டிக் விழுந்த பிறகு, 'எல்லா இயந்திரங்களும் சோதிக்கப்பட்டன' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போடுவாள்.

இன்னொரு உபகாரமும் செய்திருந்தாள். கம்பைல் பண்ண நீளமாக ஒரு வரி அடிக்க வேண்டும். பதற்றத்தில் பிள்ளைகள் ஒரு புள்ளியை விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் முழிப்பார்கள். இதற்காக 'ரன்' என்று ஒரே ஒரு சொல் அடித்தால் போதும் என்று ஏற்பாடு செய்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கருவி இரண்டு ஃபைல்களின் தேதியையும் நேரத்தையும் பார்க்கும். எழுதிய ஃபைல் புதிதாக இருந்தால் கம்பைல் பண்ணி ஓட்டும். ஓடுகிற ஃபைல்தான் புதிது என்றால், 'மாற்றம் ஏதும் இல்லை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு இருப்பதையே ஓட்டும். அந்த ஒரு வரியைப் பார்த்து, "அக்கா, என்னமோ எரர் வருது" என்று வரிசையாக வந்து நின்றார்கள். தொல்லை தாங்காமல் அக்கா அந்த வரி திரையில் தெரியாதபடி வாயை அடைத்துவிட்டாள். எல்லோருக்கும் நிம்மதி.

இத்தனை செய்தும் அவள் தற்காலிக ஊழியர்தான். நிரந்தரம் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. இந்த வருஷம்தான் ஒன்று அசைந்தது. துறைத் தலைவர் பரிந்துரை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார், அவர் சொன்னால் செய்கிறவர்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் பிற்பகல், நான்கு வரிசை முடித்து ஐந்தாவது வரிசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வரிசைக்கு எட்டு மிஷின். கடைசி எட்டுதான் பாக்கி. அப்போது அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, உங்க நிரந்தர விண்ணப்பத்துல ரெண்டு எடத்துல கையெழுத்து விட்டுப்போச்சு. உடனே வாங்க, நான் நாலரைக்குக் கெளம்பணும்" என்றார் கிளார்க்.

பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு எட்டு மிஷின் கண்ணில் படவில்லை. போனாள். இரண்டு கையெழுத்து என்று சொன்னவர் ஆறு இடத்தில் வாங்கினார், ஒரு புகைப்படமும் கேட்டார். லேபுக்குத் திரும்பும்போது நாலரை. துறைத் தலைவர் சோதனைத் தாளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதாம்மா? இத கொண்டுபோய்க் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போகணும்."

இத்தனை வருஷத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. எட்டு மிஷினில் என்ன வந்துவிடப் போகிறது? "முடிஞ்சுது சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேர்வுக்கு இந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக, மிஷினுக்கு ஒரு கேள்வி என்று தாளில் அடித்து மானிட்டரிலேயே ஒட்டிவிடுவார்கள். மாதிரித் தேர்வுக்கும் அதே நாற்பது கேள்வி, அதே மிஷின், உட்காரும் ஆள் மட்டும் மாறுவார். எழுதும் ஃபைலுக்கு எல்லோரும் 'விடை' என்றுதான் பெயர் வைக்க வேண்டும். ஓடும்போது திரையில் முதல் வரியாகத் தன் பதிவு எண் வர வேண்டும், பிறகு விடை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு ஆரம்பித்தது. முப்பத்து மூன்றாம் மிஷினில், அதாவது கடைசி வரிசையின் முதல் மிஷினில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசாத பெண். லேபில் அவள் அக்காவை எதற்கும் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குப் பதினொன்றேகாலுக்குக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இந்த மிஷின கொஞ்சம் பாருங்களேன்."

அக்கா நகரப் போனாள். தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். தேர்வு நடக்கும்போது லேப் ஊழியர் மாணவர் பக்கம் போகக் கூடாது என்பது விதி. அவரே எழுந்து போனார். திரையில் பத்து எண்கள் ஏறுவரிசையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. விடை சரி. மேலே இருந்த பதிவு எண் வேறு ஒருவனுடையது.

"இது யார் நம்பர்?"

"தெரியல சார். நான் என் நம்பர்தான் அடிச்சிருக்கேன். இங்க பாருங்க சார்." எழுதிய ஃபைலைத் திறந்து காட்டினாள். அதில் அவள் எண்தான் இருந்தது. ஓட்டினால் வேறு எண் வந்தது.

"அடுத்தவன் முடிச்சு வெச்சத கொண்டாந்து வெச்சுக்கிட்டு, மேல சும்மா எழுதிக் காட்டுறியா?"

"இல்ல சார், நான் வேணும்னே தப்பா எழுதினாலும் ஓடுது சார்! பாருங்க சார்!" ஒரு வரியை அழித்துவிட்டு 'ரன்' அடித்தாள். அதே எண், அதே பத்து எண்கள், ஒரு பிசகும் இல்லை.

"அப்போ ஓடுறது உன் புரோகிராம் இல்லன்னு நீயே ஒத்துக்கற" என்றார் தேர்வாளர். அவர் பேச்சு அவருக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. முறைகேடு என்று எழுதி அவளை வெளியே அனுப்பினார். அந்தப் பெண் பையை எடுக்க மறந்து போய், கதவு வரை சென்று திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அக்காவுக்கு அப்போது தோன்றியது இவ்வளவுதான்: பாவம், பயத்தில் என்னவோ பண்ணிவிட்டது. மாதிரித் தேர்வில் அந்த இடத்தில் உட்கார்ந்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, எழுதிய ஃபைலை அன்றைக்கே அழித்துவிட்டேன் என்றான். அவன் சொன்னது உண்மை. எழுதியதை அழித்தவன், ஓடுகிற ஃபைலை அழிக்கவில்லை. அதைத் துடைப்பது அக்காவின் வேலை.

ஐந்து மணிக்கு மிஷின்களை அணைத்துக்கொண்டே வந்தவள் முப்பத்து மூன்றின் முன் நின்றாள். திரையின் மூலையில் தேதி இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்தின ஜனவரி மாதம் முதல் தேதி.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் அந்தத் தேதி ஒன்றும் சொல்லியிருக்காது. மிஷினின் வயிற்றுக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். படிப்பு விடுமுறையில் ஒரு வாரம் மெயின் ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தார்கள், அதற்குள் அந்தப் பேட்டரி செத்துவிட்டது. காலையில் மிஷின் கண் விழித்தபோது அதன் கடிகாரம் பதினைந்து வருஷம் பின்னால் போயிருந்தது. அந்தப் பெண் எழுதிய ஃபைலில் எல்லாம் பழைய தேதி விழுந்தது. விடுமுறைக்கு முன்னால் மாதிரித் தேர்வில் அந்தப் பையன் விட்டுப்போன ஃபைலில் சரியான தேதி இருந்தது. அவள் 'ரன்' அடித்த ஒவ்வொரு தடவையும், ஓடுகிற ஃபைல்தான் புதிது என்று மிஷின் முடிவு கட்டியது. அவள் எழுதியதை அது ஒரு தடவை கூடக் கம்பைல் பண்ணவே இல்லை. 'மாற்றம் ஏதும் இல்லை' என்று அது ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் பார்த்தது. அதன் வாயை அடைத்தது அக்கா.

பழைய ஃபைலைத் துடைத்திருந்தால் இது நடந்திருக்காது. இரண்டு தடவை ஓட்ட உட்கார்ந்திருந்தால் தேதியாவது கண்ணில் பட்டிருக்கும். மற்ற ஏழு மிஷினிலும் பழைய ஃபைல் கிடந்ததுதான், ஆனால் கடிகாரம் சரியாக ஓடியதால் அங்கே உட்கார்ந்தவர்கள் தப்பித்தார்கள்.

 கொஞ்ச நேரம் அந்தப் பெண் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து துறைத் தலைவர் அறைக்குப் போனாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

அவர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்கம்மா, உங்கள பத்தித்தான் எழுதிட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் நிர்வாகக் குழு கூடுது. பத்தொன்பது வருஷத்துல ஒரு புகார் கூட கெடையாதுன்னு எழுதிட்டேன். இந்தத் தடவ கெடச்சுடும். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல சார். லேப் பூட்டப் போறேன்னு சொல்ல வந்தேன்."

தினமும் பூட்டுகிறவள், ஒரு நாளும் வந்து சொன்னதில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. "அந்தப் பொண்ணு கேஸ்தான் தலவலி. காலைல பத்து மணிக்கு விசாரணை, அப்பாவையும் வரச் சொல்லணும். பன்னண்டு மணிக்கு ரிப்போர்ட் போயிடும். மூணு வருஷம் எந்தத் தேர்வும் எழுத முடியாது" என்றார்.

அக்கா லேபுக்குத் திரும்பி வந்தாள். அந்தப் பழைய ஃபைலை அழித்துக் கடிகாரத்தைத் திருத்த ஒரு நிமிஷம் போதும், பிறகு ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது. அவள் அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. 'தொடாதீர்கள்' என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டு, மிஷினை அணைக்காமல் வீட்டுக்குப் போனாள். இரண்டுங்கெட்டான் வேலை என்று அவளுக்கே தெரிந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவர் பேசுவது குறைவு, கேட்பது அதிகம். முழுவதையும் கேட்டுவிட்டு, கழட்டி வைத்திருந்த ரேடியோவின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக ஒரு மூடியில் போட்டார்.

"சொல்லலன்னா அந்தப் பொண்ணு என்ன ஆகும்?"

"மூணு வருஷம் போயிடும்."

"சொன்னா நீ என்ன ஆவ?"

"நிரந்தரம் போயிடும். வேலையே கூடப் போகலாம். கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"நான் சோதிச்சேன்னு கையெழுத்துப் போட்ட லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா, நான் மொதல்ல ஆள வெளிய எடுப்பேன். யார் தப்புன்னு அப்புறம்தான் பேசுவேன்." ஒரு ஸ்க்ரூ உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அவர் குனிந்து தேடிக்கொண்டே, "ஆனா உன் வேலை, உன் பத்தொன்பது வருஷம். நான் சொல்லி நீ செய்யக் கூடாது" என்றார்.

அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. 'சொல்லிடு' என்றோ 'விட்டுடு' என்றோ சொல்லித் தொலைத்திருந்தால் பாதி பாரத்தை அவர் தலையில் இறக்கி வைத்திருக்கலாம்.

மறுநாள் பத்து மணிக்கு முதல்வர் அறையில் நாலு பேர் இருந்தார்கள்: முதல்வர், துறைத் தலைவர், தேர்வாளர், எதிரே நின்றுகொண்டு அந்தப் பெண். வெளியே வராந்தா பெஞ்சில் அவள் அப்பா. பெயிண்டர் வேலை. நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. வேலைக்குப் போகிற வழியில் வந்தவர் போலப் பையில் பிரஷ் இருந்தது. அக்கா அவரைத் தாண்டித்தான் உள்ளே போனாள்.

"சார், அந்தப் பொண்ணு தப்புப் பண்ணல. மிஷின் பண்ணுச்சு. மிஷின் அப்படிப் பண்ணினதுக்குக் காரணம் நான்."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினத விட்டுட்டு வேற எதையோ ஓட்டுற மிஷின் எங்கம்மா இருக்கு?"

"லேப்ல இருக்கு சார். வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் போனார்கள். அக்கா முப்பத்து மூன்றின் முன் உட்கார்ந்து மூலையில் இருந்த தேதியைக் காட்டினாள். இரண்டு ஃபைல்களின் தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் எழுதியதில் ஒரு எழுத்தைக் கூடத் தொடாமல் 'ரன்' அடித்தாள், பையனின் எண் வந்தது. பிறகு தான் அடைத்து வைத்திருந்த வாயைத் திறந்துவிட்டு மறுபடி அடித்தாள். 'மாற்றம் ஏதும் இல்லை' என்று வந்தது. கடைசியாகப் பழைய ஃபைலை அப்புறப்படுத்தினாள். அந்தப் பெண் நேற்று வேண்டுமென்றே அழித்த வரியை அவளையே கூப்பிட்டு அடிக்கச் சொன்னாள். பெண் அடித்து 'ரன்' கொடுத்தாள். அவள் பதிவு எண் வந்தது. கீழே பத்து எண்கள், ஏறுவரிசையில்.

 தேர்வாளர், "நேத்து இந்தப் பொண்ணு இதத்தான் சொல்லிச்சு. தப்பா எழுதினாலும் ஓடுதுன்னு சொல்லிச்சு. நான் கேக்கல" என்றார். அவர் நல்ல மனுஷர்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே ரிப்போர்ட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

முதல்வர் மட்டும் சோதனைத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். கடைசி வரிசைய பாக்காமலே போட்டேன்."

துறைத் தலைவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "நான் எழுதினத திரும்ப வாங்கிக்கணும்மா. புகாரே இல்லன்னு இனிமே எப்படி எழுதுவேன்?"

"வாங்கிக்குங்க சார்."

அவளுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுப்பது என்று முடிவானது. வேலை போகவில்லை. நிரந்தரம் போனது, அடுத்து எப்போது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே பதினொன்றரைக்கு நான்காம் மிஷினில் மறுதேர்வு. அக்கா அந்த மிஷினைப் போய் உட்கார்ந்து சோதித்தாள். 'வணக்கம்' வந்தது, மாற்றினாள், 'போய் வா' வந்தது. மனம் லேசாகத்தான் இருந்தது. பெரியதாக ஒன்றைச் செய்து முடித்துவிட்ட நினைப்பு கூட எட்டிப் பார்த்தது.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"அக்கா, இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம். இன்று காலையில் என்று சொன்னால் முடிந்தது. "நேத்து அஞ்சு மணிக்கு" என்றாள் அக்கா.

பெண் தலையாட்டினாள். கணக்குப் போடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "நேத்து ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு ஃபோன் வந்துச்சு. அப்பா அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. நான் பண்ணலப்பான்னு எத்தன தடவ சொன்னேன் தெரியுமா? ஒரு வார்த்த பேசல. இப்ப பஸ்லயும் வேற சீட்ல உட்கார்ந்து வந்தாரு. நீங்க அஞ்சு மணிக்கே சொல்லிருக்கலாம்ல?"

அவள் கத்தவில்லை. அக்காவுக்கு முதல்வர் அறையில் கூசாத உடம்பு இப்போது கூசியது. 'எனக்கும் பத்தொன்பது வருஷம்மா' என்று நாக்கு வரை வந்ததை விழுங்கினாள். அந்தப் பெண்ணின் ஒரு ராத்திரிக்கு முன்னால் அது எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வா" என்று எழுந்து நடந்தாள். பெண் பின்னால் வந்தாள்.

பெயிண்டர் இன்னும் அதே பெஞ்சில்தான் இருந்தார். உள்ளே நடந்தது எதையும் யாரும் அவருக்கு வந்து சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேரும் வருவதைப் பார்த்து எழுந்தார். மகளைப் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்து, "என்னம்மா முடிவு பண்ணாங்க?" என்றார்.

"அண்ணே, உங்க பொண்ணு எழுதினது அவளே எழுதினது. யாரையும் பாத்து எழுதல, யார் ஃபைலையும் எடுக்கல. தப்பு என்னுது. மிஷின சோதிக்காம சோதிச்சேன்னு கையெழுத்துப் போட்டேன். எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும். சொல்லாம வீட்டுக்குப் போயிட்டேன்."

அவர் நாலு பேர் கேட்கிற மாதிரி திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் பிரஷ் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். 

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே நீ" என்றார்.